பெயர் எழுதாத பார்சல்



சென்ற பொங்கல் விழாவில் நாம் ஒரு பிழை செய்தோம். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறகு சொல்லவந்த செய்திக்கு வருகிறோம்.

நம் பொம்மனஹள்ளிப் பிள்ளைகள் நால்வர் சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு வைத்திருப்பது பலரும் அறிந்ததே. ஒருவன் பாட்டு எழுதுவான், ஒருவன் கீபோர்டில் மெட்டுக் கட்டுவான், ஒருவன் பாடுவான், ஒருவன் டிரம்ஸ் வாசிப்பான். நால்வரும் இருபதைத் தாண்டி ஓரிரு ஆண்டுகளே ஆனவர்கள். பொங்கல் மாலையில் சினிமாப் பாட்டுகளுக்கு இடையே தங்கள் சொந்தப் பாட்டு ஒன்றையும் பாடினார்கள். விடியற்காலையில், கையில் டிபன் டப்பாவுடன், ஓசூர் சாலை ஓரமாகக் கார்மெண்ட்ஸ் வேலைக்கு விரையும் ஒரு தாயைப் பற்றிய பாட்டு அது. எதிரே அமர்ந்திருந்த பெண்களில் பாதிப் பேர் அந்தத் தாய்மாரே. பாட்டு முடிந்ததும் சிறிது நேரம் கைதட்டலே எழவில்லை. எழுந்தபின் அது எளிதில் அடங்கவும் இல்லை.

அன்று மேடையில் அறிவிப்புச் செய்தவர் நாமே. பாடிய பிள்ளையின் பெயரை இருமுறை உரக்கச் சொல்லி, அவனுக்குப் பொன்னாடை போர்த்தச் செய்தோம். மற்ற மூவரின் பெயரையும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று எண்ணினோம் அல்லோம், நினைவுக்கே வரவில்லை. பாட்டை எழுதிய பிள்ளை மேடைக்குப் பின்னால் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பெற்றவர் முதல் வரிசையில் இருந்தார்.

சிறு பிழை என்றே நினைத்தோம். ஆனால் அது வழிகாட்டியாகிவிட்டது. பாட்டை இணையத்தில் ஏற்றியபோது, மேடையில் கேட்டபடியே பாடியவன் பெயரை மட்டும் போட்டார்கள். சில வாரங்களில் ஒரு துணிக்கடைக்காரர் அதைத் தம் விளம்பரத்துக்குக் கேட்டு 15,000 ரூபாய் கொடுத்தார். பணம் வந்த அன்றே பிணக்கும் வந்தது. “என் குரலைக் கேட்டுத்தானே வந்தார்?” என்றான் ஒருவன். “மெட்டு இல்லாமல் குரல் எதைப் பாடும்?” என்றான் மற்றவன். “ஆரம்பத்தில் வரும் அடியைத்தானே எல்லோரும் மேசையில் தட்டுகிறார்கள்?” என்றான் மூன்றாமவன். எழுதிய பிள்ளை ஒன்றும் பேசவில்லை. ஒத்திகைக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தாய் நம் வீட்டுக்கு வந்தார். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து பதினெட்டு ஆண்டுகளாகத் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர். “அண்ணா, பணம் கிடக்கட்டும். அந்தப் பாட்டுல வர்ற அம்மா நான்தான். எழுதினது என் புள்ளைன்னு ஒருத்தரும் சொல்லலியே?” என்றார். நமக்கு விடை சொல்ல வாய் எழவில்லை.

நாம் சட்டம் படித்தவர் அல்லோம். பத்தாம் வகுப்பு தேறி, ரயில்வேயில் பார்சல் கணக்கு எழுதுபவர். ஆனால் நம் தொழிலில் ஒன்றைக் கண்டிருக்கிறோம். பெயரும் ஊரும் எழுதாத பார்சல் ஒன்று வந்து சேர்ந்தால், அதற்குப் பத்துப் பேர் உரிமை கொண்டாடுவார்கள். அல்லது ஒருவரும் வராமல் கடைசியில் ஏலத்துக்குப் போகும். அனுப்பியவன் எங்கோ காத்திருப்பான். பாட்டின் கதையும் அதுவே. இந்தப் பிணக்கைத் தீர்க்க வேண்டி, சில வாரங்கள் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம். நம் குடும்பங்களில் இன்று பாடாத பிள்ளையும் பதிவு செய்யாத பிள்ளையும் அரிது. ஆதலின் இது நால்வரின் வழக்கு மட்டும் அன்று.

நம் பிள்ளைகளின் சச்சரவு புதியதும் அன்று. 2021 மார்ச் 7 அன்று வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ என்னும் பாட்டைக் கேளாத தமிழ் வீடு இராது. தெருக்குரல் அறிவும் டீயும் பாடியது. சந்தோஷ் நாராயணன் இசையில் அமைந்தது. யூடியூபில் 40 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது. அறிவின் பாட்டியார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பியவர். 1964-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அவ்வாறு திரும்பியோர் பல இலட்சம் பேர். நம் கர்நாடகத்திலேயே புத்தூர், சுள்ளியா ரப்பர் தோட்டங்களில் அவர்களுடைய குடும்பங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட மக்களின் நினைவிலிருந்து எழுந்த பாட்டு என்பதனாலேயே அது நம்மைப் போன்ற இடம்பெயர்ந்த குடும்பங்களின் நெஞ்சைத் தொட்டது.

அந்தப் பாட்டுக்கும் பெயர்ச் சிக்கல் வந்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் டீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர், அறிவு இடம்பெறவில்லை. சொல் எழுதியவனை மறைத்துவிட்டார்கள் என்று இயக்குநர் பா. இரஞ்சித் முதலியோர் கேட்டனர். அடுத்த ஆண்டு, 2022 ஜூலையில், சென்னையில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே அந்தப் பாட்டு அரங்கேறியது. அதன்பின் அறிவு, பாட்டைத் தாமே எழுதி மெட்டமைத்ததாகவும், ஒரு சொல்லோ மெட்டோ பிறர் தரவில்லை என்றும் பொதுவில் எழுதினார். சந்தோஷ் நாராயணன் பாட்டு உருவான வகையை வேறுவிதமாக விளக்கி, வருவாயும் உரிமையும் மூவருக்கும் சமமே என்றார். தாம் எங்கும் அறிவின் பங்கைக் குறைத்துச் சொன்னதில்லை என்றார் டீ.

யார் சொல்வது சரி என்று தீர்ப்புரைக்க நாம் அந்த அறையில் இருந்தவர் அல்லோம். நம் கண்ணில் படுவது வேறு ஒன்று. 2024 மார்ச்சில், பாட்டு வெளிவந்து மூன்றாண்டு நிறைந்தபோது, அதனால் இதுவரை ஒரு காசும் தமக்கு வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் அறிவித்தார். வெளியிட்ட நிறுவனத்தார் தம் பக்கத்தில் வேறு கணக்குச் சொன்னார்கள். உலகமே பாடிய பாட்டு. ஆக்கியவர் ஒருவருக்கு முதலில் பெயர்க் குறை, மற்றொருவருக்குப் பிறகு பணக் குறை. புகழ் பெற்றவர்களுக்கே இந்நிலை என்றால், பொம்மனஹள்ளிப் பிள்ளைகள் எம்மாத்திரம்?

இதற்கு முன், 2017 மார்ச்சில், அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்த எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கு இளையராஜாவின் சார்பில் வழக்கறிஞர் அறிவிப்புச் சென்றது. இசை அமைத்தவரின் அனுமதியின்றி அவர் பாட்டுகளைக் கட்டணக் கச்சேரியில் பாடலாகாது என்பது அதன் சாரம். பாலசுப்பிரமணியம் அப்பாட்டுகளை விட்டுவிட்டுக் கச்சேரியைத் தொடர்ந்தார். நாற்பதாண்டு நட்பு கலங்கியதைக் கண்டு தமிழுலகம் இரண்டு பட்டது. பாடியவருக்குப் பாட உரிமை இல்லையா என்றனர் சிலர். ஆக்கியவருக்கு உரிமை இல்லாவிட்டால் வேறு யாருக்கு என்றனர் சிலர். 2019 ஜூனில் இருவரும் மீண்டும் ஒரே மேடையில் நின்றார்கள். 2020 செப்டம்பரில் பாலசுப்பிரமணியம் மறைந்தார். இடையில் அந்த ஓராண்டுதான் எஞ்சியிருந்தது என்பதை எண்ணும்போது, பிணக்கை நீட்டுவது எவ்வளவு விலையுள்ளது என்று தெரிகிறது.

அந்த விவாதத்தில் எல்லோரும் மறந்த ஒருவர் உண்டு. 2024 ஏப்ரலில் இளையராஜா பாடல்கள் பற்றிய வேறொரு வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதிகள் அவரை நினைவூட்டினார்கள். சொல் இல்லாமல் பாட்டு இல்லையே, பாடலாசிரியரும் உரிமை கேட்டால் என்ன ஆகும் என்று வினவினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது நம் நினைவுக்கு வந்தது, மேடைக்குப் பின்னால் ஒயர் சுருட்டிய பிள்ளைதான்.

நிற்க. சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது?

நாம் பாட்டு ஒன்று என்று எண்ணுகிறோம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அதை ஒன்றாகக் கருதவில்லை. சொற்கள் ஓர் இலக்கியப் படைப்பு. அதன் உரிமை எழுதியவருடையது. மெட்டு ஓர் இசைப் படைப்பு. சொற்கள் அதில் சேரா. அதன் உரிமை இசை அமைத்தவருடையது. ஒலிப்பதிவு மூன்றாவது சொத்து; அதன் உரிமை பதிவுக்குப் பொறுப்பேற்றுச் செலவு செய்தவருடையது. பாடுவோரும் வாத்தியம் வாசிப்போரும் நிகழ்த்துவோர். அவர்களுக்குத் தனியே ஓர் உரிமை உண்டு. ஒரு வீட்டில் நான்கு அறை இருப்பது போன்றது இது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு சாவி. முன்வாசலில் நிற்பவன் பாடகன் என்பதால் வீடு முழுதும் அவனுடையது ஆகிவிடாது.

இந்தச் சாவிகள் ஆக்கியவர் கைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. பாரதியாரின் பாட்டுகளையே எடுத்துக்கொள்வோம். 1921-இல் வறுமையில் மறைந்த அவருடைய பாட்டுகளை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை பின்னாளில் வணிகர் கைக்குப் போய், அங்கிருந்து ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. தமிழர் பாட்டைத் தமிழர் பாட ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்று கிளர்ச்சி எழுந்தது. 1949-இல் சென்னை அரசு அந்த உரிமையை ஏற்றது. செட்டியார் பொருள் எதுவும் பெறாமலே தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். ஒரு மகாகவியின் பாட்டுக்கே அரசு வந்து விடுதலை தரவேண்டியிருந்தது.

பிறகு 1977-இல் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. படத் தயாரிப்பாளர் கூலி கொடுத்து எழுதச் சொன்ன பாட்டுக்கு, வேறு உடன்படிக்கை இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்றது அது. உடன் அமர்ந்த நீதிபதி கிருஷ்ணய்யர், பாடுபவருக்குச் சட்டத்தில் இடமே இல்லாத குறையைத் தனியாகச் சுட்டி, நாடாளுமன்றம் இதைக் கவனிக்கவேண்டும் என்று எழுதினார். 1994-இல் நிகழ்த்துவோர் உரிமை சட்டத்தில் ஏறியது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் விடிவு வர 35 ஆண்டு ஆயிற்று. 2012 ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அவர்கள் தம் படைப்பை விற்றுவிட்டாலும், ராயல்டி என்னும் உரிமைத்தொகையில் வாங்கியவரோடு சமமாகப் பங்கு பெறும் உரிமையை விற்க முடியாது. வேண்டாம் என்று கையெழுத்திட்டாலும் அக்கையெழுத்துச் செல்லாது. திரையரங்கில் படம் காட்டுவதற்கு மட்டும் இது பொருந்தாது. வானொலி, தொலைக்காட்சி, இணையம், கச்சேரி ஆகியவற்றுக்குப் பொருந்தும். படத்தில் சேராத தனிப்பாட்டின் பதிவுக்கும் இத்தகைய பாதுகாப்பு உண்டு. மாநிலங்களவை உறுப்பினராக இருந்து இதற்காகப் பாடுபட்டவர்களுள் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் முதன்மையானவர்.

பணத்துக்கு அப்பால் மற்றொரு பிரிவும் உண்டு, எண் 57. உரிமை முழுவதையும் விற்றபின்னும், ‘இதை ஆக்கியவன் நான்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஆக்கியவனை விட்டுப் போவதில்லை என்பது அதன் கருத்து. அந்தத் தாய் நம் வீட்டு வாசலில் கேட்டது இந்த 57-ஆம் பிரிவைத்தான். அவர் சட்டம் அறியார். சட்டம் அவரை அறிந்திருந்தது.

டிரம்ஸ் வாசித்த பிள்ளையின் கேள்விக்கு இங்கிலாந்தில் ஒரு விடை கிடைத்தது. 1967-இல் புரோகல் ஹேரம் என்னும் குழு ஒரு பாட்டை வெளியிட்டது. அதன் தொடக்கத்தில் வரும் ஆர்கன் இசையே அதன் அடையாளம். அதை வாசித்தவர் மாத்யூ ஃபிஷர். ஆனால் ஆக்கியோர் பட்டியலில் மெட்டுக்குக் கேரி புரூக்கர், சொல்லுக்குக் கீத் ரீட் என்று இருவர் பெயரே இருந்தன. 38 ஆண்டுகள் கழித்து, 2005-இல், ஃபிஷர் வழக்குத் தொடுத்தார். 2006-இல் இசையில் 40 விழுக்காடு அவருடையது என்று தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டில் அவர் பெயர் நின்றது, பணம் போயிற்று. 2009 ஜூலையில் பிரபுக்கள் சபை நீதிபதிகள் பணப் பங்கையும் மீட்டுக் கொடுத்தார்கள். ஆயினும் கழிந்துபோன 38 ஆண்டுகளின் வருவாய் அவருக்குக் கிடைக்கவில்லை. பாட்டு அமைந்த அன்றே ஒரு தாளில் எழுதியிருந்தால் மூன்று நீதிமன்றங்களுக்கு வேலை இராது.

இன்னொரு வழியும் உண்டு. குவீன் என்னும் ஆங்கிலக் குழுவினர் பல ஆண்டுகள் யார் பாட்டு என்ற பூசலில் களைத்து, 1989-இல் வெளியிட்ட தொகுப்பிலிருந்து பாட்டுகளைத் தனிப்பெயரின்றிக் குழுவின் பெயரிலேயே போட்டு, வருவாயைச் சமமாகப் பகிர்ந்துகொண்டார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளும் இதை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் நம் நிலையில், பணத்தைச் சமமாக்கினாலும் பெயரைக் கரைக்கவேண்டாம் என்பதே நம் கருத்து. கார்மெண்ட்ஸ் தொழிலாளியின் மகன் எழுதினான் என்று பத்துப் பேர் அறிந்தால், அடுத்த வீட்டுப் பிள்ளையும் பேனா எடுப்பான்.

இனி, பிள்ளைகளும் பெற்றோரும் செய்யத்தக்கவை.

பாட்டு வெளியே போகுமுன் ஒரு தாளில் எழுதுங்கள். பாட்டின் தலைப்பு, நாள், சொல் யாருடையது, மெட்டு யாருடையது, பாடியவர், வாசித்தவர், பதிவுக்குச் செலவு செய்தவர் ஆகியவற்றைக் குறியுங்கள். நூற்றுக்கு யாருக்கு எத்தனை என்று கூட்டிச் சரிபாருங்கள். இணையக் கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கும், ஒருவர் குழுவை விட்டுப் போனால் என்ன செய்வது என்பதையும் சேருங்கள். எல்லோரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அன்பர்களுக்குள் காகிதம் எதற்கு என்பார்கள். அன்பு இருக்கும்போதுதான் காகிதம் எழுத முடியும். அது போனபின் வழக்கறிஞர்தான் எழுதுவார்.

கடைக்காரரோ நிறுவனமோ உரிமை கேட்டால் வாய்ச்சொல்லாகக் கொடுக்காதீர்கள். எழுத்தும் கையெழுத்தும் இல்லாத உரிமை மாற்றம் சட்டப்படி செல்லாது. எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த எல்லை என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். ‘என்றென்றைக்கும், உலகெங்கும்’ என்ற சொற்கள் தாளில் இருந்தால் இரண்டு முறை படியுங்கள்.

பதிவு செய்தால்தான் பதிப்புரிமை என்பது தவறு. படைத்து ஒரு வடிவம் கொடுத்த அன்றே அது பிறந்துவிடுகிறது. ஆனால் வழக்கு வந்தால் பதிவு நல்ல சான்று. டெல்லியில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்துக்கு இணையவழி விண்ணப்பிக்கலாம். சொல்லுக்கோ மெட்டுக்கோ 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய் என்று 2013-ஆம் ஆண்டு விதிகள் கட்டணம் வகுத்தன. பாட்டு பரவலாக ஒலிக்கத் தொடங்கினால், 1969-இல் தோன்றிய ஐ.பி.ஆர்.எஸ். என்னும் சங்கத்தில் எழுதியவரும் இசை அமைத்தவரும் உறுப்பினர் ஆகலாம். வானொலி, தொலைக்காட்சி முதலியவற்றிலிருந்து உரிமைத்தொகையைத் திரட்டித் தருவது அதன் வேலை.

நம் சங்க விழாக்களில் பிறர் பாட்டைப் பாடலாமா என்று சிலர் கேட்டார்கள். தொழில்முறை அல்லாத ஒரு மன்றம், கட்டணம் வாங்காமல், பாட்டை மேடையில் பாடுவதைச் சட்டம் உரிமை மீறல் ஆக்கவில்லை. திருமண ஊர்வலத்துக்கும் அதைச் சார்ந்த கொண்டாட்டத்துக்கும் விலக்கு உண்டு. நுழைவுச்சீட்டு விற்றுக் கச்சேரி வைத்தால் கதை வேறு. பணம் கேட்கப்படாத மேடையிலும் ஆக்கியவர் பெயரைச் சொல்வது நம் கடமை. அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

நால்வரின் செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். சென்ற திங்கள் அவர்களை நம் வீட்டுக்கு அழைத்தோம். மேடையில் நாம் செய்த பிழையை முதலில் சொன்னோம். அதன்பின் மற்றவர்களும் தம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். இரண்டு மணி நேரம் பேசி ஒரு தாள் எழுதினார்கள். இந்தப் பாட்டுக்கு ஆளுக்கு 3,750 ரூபாய். இணையத்தில் நான்கு பெயரும் தனித்தனியே அவரவர் பணியோடு வரவேண்டும். அடுத்த பாட்டுக்குப் பதிவுக்கு முன்பே பங்கு எழுதவேண்டும். பாடும் பிள்ளைதான் தன் கையாலேயே அந்தத் தாளை எழுதினான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான்; ஆனால் உண்மை அதுவன்று. எழுதும் பிள்ளை கையெழுத்திட்டான், பணத்தையும் வாங்கிக்கொண்டான். ஒத்திகைக்கு இன்னும் வரவில்லை. தாள் பங்கைப் பிரித்துக் கொடுக்கும். மனத்தைச் சேர்க்க நாள் ஆகும். அவன் தாய் மட்டும் ஒருநாள் கைபேசியை நீட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொன்னார். பாடலாசிரியர் என்று இருந்த இடத்தில் அவர் மகன் பெயரைப் படித்தோம். மறுபடியும் படிக்கச் சொன்னார். மேடையில் சொல்லாமல் விட்ட பெயரை அவர் எதிரில் இருமுறை சொன்னோம்.

அடுத்த விழாவில் சொந்தப் பாட்டுப் பாட விரும்பும் பிள்ளைகள், எழுதியவர், மெட்டமைத்தவர், பாடுபவர், வாசிப்பவர் ஆகிய எல்லோர் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி, நிகழ்ச்சிக்கு முன் நம்மிடம் தரவேண்டுகிறோம். சீட்டில் உள்ள பெயர்களை முதலில் படித்துவிட்டே மேடையை விட்டுக்கொடுப்போம்.